கோடு போட்ட தரை

நாற்காலி உட்காருவதற்கு, ஏறி நிற்பதற்கு அல்ல என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் புதுப் பிரம்பு நாற்காலி வீட்டுக்கு வந்து, அதைச் சுற்றியிருந்த அட்டையைக்கூட நாங்கள் முழுதாகப் பிரிக்காத நேரத்தில், கூரைத் திரைக்கான கம்பியைத் தொட்டுப் பார்க்கலாமென்று அதன்மேல் ஏறினேன். வலது கால் சொன்னபடி கேட்டது. இடது கால் எங்கே போக வேண்டுமோ அங்கே போகாமல் தன் இஷ்டத்துக்கு இறங்கியது. படக்கென்று ஒரு சத்தம். பின்னலைக் கிழித்துக்கொண்டு என் கால் தரையைத் தொட்டது. நாற்காலியைப் பாவாடை மாதிரி ஒரு தொடையில் அணிந்துகொண்டு, வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையின் நடுவில், அடுத்த வீட்டுத் தோட்டத்துக்கு நேர் எதிராக நின்றேன்.

அடுத்த வீட்டுப் பூனை பார்த்தது. சிரித்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

ஹேசல் ஓடி வந்தாள். என் மனைவி. நான் எதிலாவது மாட்டிக்கொண்டால் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் கை கொடுப்பாள். ஒரு கல்யாணத்தில் வாடகைக் கோட்டோடு நான் கால்வாயில் விழுந்தபோது, தூக்கிவிட முடியாமல் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள். அவளை நம்பித்தான் நான் பாதி விபத்துகளைச் செய்வதே.

"பாத்தியா, எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அசையாத டெஸ். அப்படியே நில்லு" என்றாள். தோட்டக் கத்தரியை எடுத்து வந்து, மண்டியிட்டு, பிரம்பை ஒவ்வொரு இழையாக வெட்டினாள். கால் வெளியே வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. என் இடது பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ தெரியாத ஆளின் பாதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒன்னுமில்ல. டீ போடறேன்."

எங்கள் யார்க்ஷயரில் "ஒன்னுமில்ல, டீ போடறேன்" என்றால் வீட்டுக் கூரை தீப்பற்றி எரிகிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று அர்த்தம். நான் பயப்பட ஆரம்பித்தது அன்றைக்கு அல்ல. அதற்கு முன்னாலேயே, வசந்தத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

வீட்டை நாங்கள் வாங்கியபோதே பின்பக்கம் அந்தக் கண்ணாடி அறை ஒட்டிக்கொண்டிருந்தது. கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி. இஸ்திரிப் பலகை, யாரும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள், பெட்டிக்குள் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம், என்றோ உயிரை விட்ட ஜெரேனியச் செடிகள் எல்லாம் அங்கேதான். "இடிச்சுத் தள்ளிட்டு அந்த இடத்துல உருளைக்கிழங்கு போடலாம்" என்று ஹேசல் வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள்.

அந்த ஹேசல் ஏப்ரலில் ஒருநாள் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு டாஃபியைப் பிரித்து வாயில் போட்டுக் கடகடவென்று கடித்தாள். பல் டாக்டரிடம் போய் வந்தவள் டாஃபி தின்னமாட்டாள். எங்கேயோ போயிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. டாஃபித் தாளைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே சொன்னாள்:

"டெஸ், அந்தக் கண்ணாடி ரூமை நல்லா சரி பண்ணி, உள்ள சாமான் எல்லாம் வாங்கிப் போட்டுருவோமா?"

"யாருக்கு?"

"நமக்குத்தான். வேற யாருக்கு? வெளிச்சமா இருக்கும்ல."

கேட்டிருக்க வேண்டும். நான் வாகனம் ஓட்டும் தேர்வு நடத்திக் காலம் தள்ளியவன். பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, அழுகிற பெண்களிடமும் என்னைவிட இரண்டு மடங்கு பருமனான ஆண்களிடமும் "நீங்கள் தேறவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பழகியவன். ஆனால் அது வேலை. இது வீடு. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் "உனக்கு என்ன வியாதி?" என்று கேட்பதைவிட அவர் வீட்டுச் சன்னலை உடைத்து உள்ளே குதிப்பது மரியாதை.

அதனால் நான் கேட்கவில்லை. பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பயம் ஏறியது.

சாய்ந்து விழுகிற மாதிரி ஒரு பெரிய சோபா போடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். உயரமான கைப்பிடி வைத்த, இருக்கை கெட்டியாக இருக்கிற ஒற்றை நாற்காலிதான் வேண்டுமாம். கடையில் அதில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். என்னையும் அப்படியே செய்யச் சொன்னாள். சிவப்பில் ஒரு கம்பளம் பார்த்தேன், அழகாக இருந்தது. "விரிப்பே வேண்டாம். கால் தட்டும்" என்றாள். யார் கால்? சமையலறைக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவில் இருந்த வாசற்படி விளிம்பைச் செதுக்கித் தரையோடு தரையாக ஆக்கச் சொன்னாள். சுவரில் ஒரு மரக் கைப்பிடி, இடுப்பு உயரத்துக்கு. "தொங்குற தொட்டி மாட்டறதுக்கு" என்றாள். இடுப்பு உயரத்தில் தொட்டியைத் தொங்கவிட்டு யார் பார்ப்பார்கள், அந்தப் பூனையா?

மின்சுவிட்சுகளை மேலே ஏற்றினாள். குனியாமல் போடுகிற மாதிரி.

எல்லாவற்றுக்கும் மேலே, தரை. தக்கைப் பலகைத் தரை, தேன் நிறம். அதில் குறுக்கே, ஒரு அடி எடுத்து வைக்கிற இடைவெளியில், கறுப்புப் பட்டைகள். நாற்காலி வரப்போகிற இடத்திலிருந்து சமையலறை வாசல் வரைக்கும்.

அதைப் பதித்தவன் காலின். ஊரில் பாதிப் பேருக்குத் தரையும் கதவும் போட்டுக் கொடுப்பவன், எந்த வீட்டிலும் தேநீருக்குச் சர்க்கரை கேட்டே பழகியவன். அவனுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

"என்ன காலின், ரயில் ஸ்டேஷன் கட்டறியா? தண்டவாளக் கட்டை மாதிரி இருக்கு."

"அவங்க கேட்டாங்க, போடறேன்."

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

காலின் கூரையைப் பார்த்தான். "மழ வரும்போல."

"கூரை நம்மளது, மழையையும் நாம பாத்துக்கலாம். கோடு எதுக்குன்னு கேட்டேன்."

"நல்ல டீ, டெஸ்மண்ட்" என்றான் அவன். கண்ணைப் பார்க்கவில்லை. வழக்கமாக என்னைக் 'கிழவா' என்று கூப்பிடுகிறவன், பெயர் சொல்லி, அதுவும் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கோப்பையையும் அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு செடிகள் வந்தன. முதலில் ஒரு எலுமிச்சை மரம், பூவோடு. ஹேசல் தொட்டியை என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, "எப்படி இருக்கு வாசன?" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விலை அதிகம் கொடுத்து வாங்கியிருக்கிறாள், முகத்தில் அப்படி ஓர் ஆர்வம். "அடேயப்பா!" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. நானும் நல்ல புருஷன் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கார்டீனியா. அதற்கடுத்த வாரம் மூங்கில் வளையத்தில் சுற்றிய மல்லிகைக்கொடி. ஒவ்வொன்றும் என் மூக்குக்குக் கீழே வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் "அடேயப்பா" போட்டேன். அந்தச் செடிக்கடைக்காரன் ஊரையே ஏமாற்றுகிறான் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன். பாவம், கடைசிக் காலத்தில் அவளுக்குப் பூ வாசனை வேண்டியிருக்கிறது, அதைக்கூட ஒருத்தன் ஒழுங்காகக் கொடுக்கவில்லையே என்று.

ஆமாம், அந்த வார்த்தையை அதற்குள் நான் நினைக்கத் தொடங்கிவிட்டேன். கடைசிக் காலம்.

தொட்டிகளுக்குப் பெயர்க்குச்சி எழுதுவது என் வேலை. ஹேசல் ஒன்றைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இது என்ன, எறும்புக்கு எழுதினியா?"

"மை மிச்சம் பண்றேன்."

"முன்னெல்லாம் பெருசா எழுதுவியே."

"முன்னெல்லாம் மை மலிவு."

அவள் குச்சியைத் திரும்பத் தொட்டியில் குத்தவில்லை. கவுன் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. நான் போகவில்லை. போனால் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் சொல்லிவிடுவாள். மல்லிகைக்கு முன்னால் நின்று, ஏற்கெனவே நனைந்த மண்ணுக்கு இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நாற்காலி உடைந்த மறுநாள் எதிர்வீட்டு எனிட் வந்தாள். எனிட் ஹார்க்கர், எழுபதைத் தாண்டிய விதவை, தெருவில் எல்லாரையும், தபால்காரரையும் பாதிரியாரையும்கூட, 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். கையில் ஒரு பெரிய மண்பாத்திரம். ஆட்டுக்கறிக்கு மேலே உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக அடுக்கிச் சுட்டது. பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாள், அதில் பெரிய எழுத்தில் 'ஹார்க்கர்'.

அந்த ஒட்டுத்தாளைப் பார்த்ததும் என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

எங்கள் தெருவில் குழந்தை பிறந்தால், வேலை கிடைத்தால், கேக் வரும். அது தகர டப்பாவில் வரும், திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. பெயர் ஒட்டிய பாத்திரம் இரண்டே சமயத்தில்தான் வரும். ஒன்று சாவுக்குப் பிறகு. இன்னொன்று சாவுக்கு முன்னால்.

"என்ன எனிட் விசேஷம்?"

"விசேஷம் என்ன கண்ணு, கறி மிஞ்சிருச்சு."

"ஒத்த ஆளுக்கு ஒரு முழு ஆடா வாங்கின?"

"வாய் மட்டும் கொறையல உனக்கு." கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தவள் நெஞ்சில் கை வைத்தாள். "அம்மாடி, இந்த மல்லிகைப்பூ! தலயே சுத்துது. இதுக்குள்ள எப்படி உக்காந்திருக்கீங்க?"

"பழகிருச்சு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நான் கதவுப் பக்கம் நடந்தபோது பின்னாலிருந்து, "அந்த இடது கக்கத்துல என்ன வச்சிருக்க, பேப்பரா? வீசி நடக்க வேண்டியதுதானே" என்றாள். விளையாட்டாகத்தான் தொடங்கினாள், பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"எனிட், உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு என்ன கண்ணு தெரியும்."

"ஹேசல் உங்கிட்ட ஏதாவது..."

"ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்க. அவ்வளவுதான்." என் கன்னத்தைத் தட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டதே இல்லை. "பாத்திரத்துக்கு அவசரமில்ல."

அவசரமில்லையாம். அந்தச் சொல்தான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. கறியை நான் இரண்டு தட்டு தின்றேன், பயத்தில் எனக்கு அப்படித்தான். ருசியே இல்லை. எனிட்டின் கைப்பக்குவம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அந்தப் பனிமூட்டப் பிற்பகல். மேட்டுப் புல்வெளியிலிருந்து வெள்ளையாக இறங்கி வந்து தோட்டத்தை மூடியிருந்தது. பேப்பர் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவன், மறந்த பர்ஸை எடுக்கப் பின்வழியாகத் திரும்பினேன். குழாயடியில் பூவாளி காலியாக இருந்ததால், வந்ததுதான் வந்தோம் என்று அதை நிரப்ப வைத்தேன். நிமிர்ந்தால், கண்ணாடி அறையில் விளக்கு எரிகிறது. பனிக்கு நடுவில் மீன்தொட்டி மாதிரி. உள்ளே ஹேசல்.

அந்த உயர்ந்த நாற்காலியில், ஒடிந்ததற்குப் பதிலாகக் கடைக்காரன் கொடுத்த புதியதில், உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. முன்னும் பின்னும் ஆடினாள், கைப்பிடியை இறுகப் பிடித்து, மெதுவாக, எலும்பெல்லாம் துருப்பிடித்தவள் போல எழுந்தாள். முகத்தில் எதுவுமே இல்லை. கோபமோ வலியோ எதுவும் இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி. இடது கை மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது. நடந்தாள். அது நடையே அல்ல. சின்னச் சின்னதாக, இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு, ஒரு கறுப்புப் பட்டை, அடுத்த பட்டை, அடுத்தது. வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றாள். கீழே பார்த்தாள். கடைசிப் பட்டையைப் பார்த்து, அதைத் தாண்டுவதற்காக மட்டும் காலைத் தூக்கி, சுவர்க் கைப்பிடியைப் பிடித்து, சமையலறைக்குள் கால் வைத்தாள்.

இனி வரப்போகிற ஹேசலை நான் பார்த்துவிட்டேன். என்னிடமிருந்து மறைத்து மறைத்து அவள் ஒத்திகை பார்க்கிற ஹேசலை.

என் ஷூவுக்குள் ஏதோ சில்லென்று ஏறியது. பூவாளி நிரம்பி வழிந்து என் காலடியில் ஒரு குளமே கட்டியிருந்தது. நெருக்கடி நேரத்தில் வீரன் வாளை உருவுவான் என்பார்கள். நான் குழாயை மூடினேன்.

உள்ளே போனேன். ஷூ சளக் சளக்கென்றது. ஹேசல் திரும்பினாள், நிமிர்ந்து, நேராக, என் பழைய ஹேசலாக.

"பேப்பர் வாங்கலையா?"

"வித்துப்போச்சு" என்றேன். பிறகு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கடை காலி. அதனால் அந்தப் பழைய குரலை எடுத்தேன், காருக்குள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற குரலை.

"நான் தோட்டத்துல இருந்து பாத்தேன். நீ நடந்ததப் பாத்தேன். ஏப்ரல்ல நீ பல் டாக்டர்கிட்டப் போகல. உனக்கு என்ன வியாதி, ஹேசல்?"

"எனக்கா?"

"டீ போடறேன்னு மட்டும் சொல்லிடாத."

அவள் அந்த நாற்காலியைக் காட்டினாள். பிறகு, "உக்காரு. கண்ண மூடு" என்றாள்.

"ஹேசல்..."

"மூடு டெஸ்."

மூடினேன். காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது. மூக்குக்குக் கீழே ஏதோ வந்து நின்றது. அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது.

"என்ன வாசன?"

"மல்லிகைதானே. அடேயப்பா" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் இருந்தது காப்பித்தூள் டப்பா. மூடி திறந்து, முழுதாக, என் மூக்குக்கு நேரே.

மறுபடி குனிந்து முகர்ந்தேன். பழுப்பு நிறம் இருந்தது. டப்பா இருந்தது. வேறெதுவும் இல்லை.

"எங்கப்பாவுக்கு நடுக்குவாதம் வந்தப்பவும் மொதல்ல மூக்குதான் போச்சு" என்றாள் ஹேசல். "அப்புறம் எழுத்து எறும்பு மாதிரி ஆச்சு. அப்புறம் ஒரு கை வீசறத நிறுத்துச்சு. எல்லாரும் சிரிச்சோம். அந்த முன்ரூம்ல, வெளிச்சமே இல்லாத ரூம்ல, அவர உக்கார வச்சோம். தரையில ஒட்டுத்தாள் ஒட்டினாத்தான் அடி எடுத்து வைப்பாரு. கோட்டப் பாத்துப் பாத்து. நான்தான் ஒட்டினேன்." டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி அழுத்தினாள். "ஏப்ரல்ல நம்ம டாக்டர்கிட்டப் போனேன். உன்னப் பத்தி அவரு ஒரு வார்த்த சொல்லல, சொல்லவும் கூடாதாம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, கூட்டிட்டு வாங்கன்னாரு. வர வியாழக்கெழம."

"அப்ப நீ நடந்தது..."

"உன்ன மாதிரி நடந்து பாத்தேன். இன்னும் கொஞ்ச வருஷம் கழிச்சு நீ எப்படி நடப்பியோ, அப்படி. இந்த ரூமு தாங்குமான்னு பாத்தேன்."

"அப்ப உனக்கு ஒன்னுமில்ல?"

"எனக்கு ஒன்னுமில்ல."

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாடா என்று ஒரு பெரிய மூச்சு, அதன் பின்னாலேயே சிரிப்பு. இவ்வளவு மாதமாக இவளைப் புதைத்து, கல்லில் என்ன எழுதுவது என்பது வரைக்கும் யோசித்துவைத்திருந்தேன். இவள் நன்றாக இருக்கிறாள். வியாதி எனக்கு மட்டும்தான்.

"சிரிக்காத" என்று என் தோளில் அடித்தாள். பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லும்போது நீ உக்கார நல்லதா ஒரு எடம் இருக்கணும்னு நெனச்சேன்."

சிரிப்பு நின்றதும் மற்றது மெதுவாக உள்ளே வந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் உயரமான கைப்பிடி. கால் தட்டாத தரை. என் காலடியிலிருந்து வாசல் வரைக்கும் வரிசையாக அந்தக் கறுப்புக் கோடுகள். இதெல்லாம் எனக்கு. எலுமிச்சை பூத்து, மல்லிகை பூத்து, இந்த அறை முழுக்க வாசனை நிறைந்திருக்கிறது. பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இடது கையைப் பார்த்தேன். வயிற்றோடு ஒட்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மடங்கிக் கிடந்தது.

வெளியே பனி கண்ணாடியை வந்து தொட்டுக்கொண்டிருந்தது. ஹேசல் டீ போடப் போகவில்லை.

"ஹேசல், உனக்குப் பயமா இருக்கா?"

அவள் கூரையைப் பார்க்கவில்லை. மழை வரும்போல என்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இருக்கு டெஸ். ரொம்ப."